முதன்முறையாக இணையத்தில் விற்கிறேன்: வாங்க வந்தவரை எந்த அளவுக்கு நம்பலாம்?

தங்கச்சிமடத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். மீன் வைப்பதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 300 லிட்டர் ஃப்ரீசர் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. என் கணவர் கரையில் மீன் எடுத்து விற்பதை விட்டுவிட்டு மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டதால், அது இப்போது துணி காயப்போடும் மேடையாகத்தான் பயன்படுகிறது. நேற்று மாலை, பழைய பொருள்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் நான்கு படங்களோடு 14,000 ரூபாய் என்று விலை போட்டு விளம்பரம் கொடுத்தேன். இணையத்தில் பொருள் வாங்கியிருக்கிறேனே தவிர விற்றதில்லை.

இருபது நிமிடத்துக்குள் ஒருவர் அழைத்தார். கடலோரக் காவல் படையில் அதிகாரி என்றும், மண்டபத்துக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், குடியிருப்புக்கு ஃப்ரீசர் வேண்டும் என்றும் இந்தி கலந்த தமிழில் சொன்னார். ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பெட்டி ஓடுகிறதா, கதவின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. சீருடை அணிந்த படத்தையும் ஓர் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படையின் வண்டியே வந்து பெட்டியை ஏற்றிக்கொள்ளும், பணத்தை இப்போதே தந்துவிடுகிறேன் என்றார். முதலில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பதாகச் சொன்னார். அது உண்மையாகவே என் கணக்கில் வந்து விழுந்தது. அதன் பிறகு ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை (PIN, இரகசிய எண்) போட்டால் மீதி 13,999 ரூபாய் வந்துவிடும் என்றார். நானும் ஸ்கேன் செய்துவிட்டேன். திரையில் ‘செலுத்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியதால் பின் எண்ணைப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அவர் மிகவும் கோபித்துக்கொண்டார். நாட்டைக் காக்கிறவனை நம்ப மாட்டீர்களா என்று கேட்டார். இன்று காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். உண்மையான அதிகாரியை அவமதித்துவிட்டேனோ என்ற சங்கடம் ஒரு பக்கம், தப்பித்தேனோ என்ற படபடப்பு மறுபக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், இராமநாதபுரம்

சகோதரி, நீங்கள் தப்பித்தீர்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் யுபிஐ என்ற முறை 2016-இல் வந்தது முதல் இன்று வரை மாறாத ஒரு விதி உண்டு: உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை. பின் எண் என்பது பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் உரியது. பெறுவதற்கு அதற்கு வேலையே கிடையாது. க்யூஆர் குறியீடும் அப்படியே. ஸ்கேன் செய்கிறவர் கொடுக்கிறவர், குறியீட்டைக் காட்டுகிறவர் வாங்குகிறவர். தேநீர்க்கடையில் நாம் ஸ்கேன் செய்தால் கடைக்காரருக்கா பணம் போகிறது, நமக்கா வருகிறது? இதை அனைவரும் அறிவோம். ஆனால் பொருளை விற்கும் பரபரப்பில், எதிரே ஒருவர் உறுதியான குரலில் பேசிக்கொண்டே இருக்கும்போது, அறிந்ததும் மறந்துபோகிறது. அந்த ஒரு ரூபாய் அனுப்பியது இதற்காகத்தான். முதலில் உண்மையாகவே பணம் வந்துவிட்டதால், அடுத்து அவர் சொல்வதும் பணம் வரும் வழி என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. ஒரு ரூபாய் அவருக்கு முதலீடு.

முன்பெல்லாம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை நேரடியாக உங்கள் செயலிக்கே அனுப்புவார்கள். அதை ஏற்றுக்கொண்டு பின் எண்ணைப் போட்டால் பணம் போய்விடும். தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வணிகக் கணக்குகளுக்கு அது இன்னும் இருப்பதால், அந்தக் கதவு முழுவதும் மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். இப்போது குறியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம்தான் மிகுதி.

இன்னொன்று. ஏதாவது செயலியை நிறுவச் சொன்னாரா? உங்கள் திரையை அவர் பார்க்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) எதுவும் வந்திருந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி

செயலி எதையும் நிறுவவில்லை, ஐயா. கோப்பும் வரவில்லை. ஆனால் நான் மறுத்த பிறகு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஆதார் அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பவில்லை.

பாம்பன் பையன்

அக்கா, நம் பகுதியில் இந்த வேடம் எடுபடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல் படையின் நிலையம் இருக்கிறது. உச்சிப்புளியில் ‘பருந்து’ என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. வெளிமாநிலத்து அதிகாரிகள் மாற்றலாகி வருவதும், வீட்டுச் சாமான் தேடுவதும் இங்கே அன்றாடம் நடப்பவை. வேறு ஊரில் படைவீரர் என்றால் சிலருக்காவது சந்தேகம் வரும், நமக்கு வராது. நம் விளம்பரத்தில் ஊர்ப் பெயர் இருப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் மண்டபம் என்று சொல்கிறார்கள். அடையாள அட்டைப் படம் வேறு யாரோ உண்மையான வீரருடையதாக இருக்கலாம். முன்பு பொருள் விற்ற ஒருவரிடம் ஏமாற்றி வாங்கியதாகவும் இருக்கலாம்.

என் சித்தப்பா உண்மையான கடற்படைக்காரர் ஒருவருக்குப் பழைய மோட்டார் சைக்கிளை விற்றார். அவர் மனைவியோடு வந்து, வண்டியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று சொல்லி 1,500 ரூபாய் குறைத்துக்கொண்டுதான் போனார். நம்மைவிடக் கறாராகப் பேரம் பேசினார். பார்க்காத பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறவர் எந்தப் படையிலும் இல்லை.

ஓலைக்கொட்டான், சாயல்குடி

நான் மூன்று ஆண்டுகளாகப் பனையோலைக் கொட்டான்களும் கருப்பட்டியும் இணையம் வழியாக விற்கிறேன். குறியீட்டு ஏமாற்றை இப்போது பலர் அறிந்துவிட்டதால், அதைவிட அதிகமாக நான் சந்திப்பது போலி ரசீதுதான். பணம் அனுப்பியாயிற்று என்று பச்சை நிறக் குறியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அதில் என் பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட படங்களை உருவாக்கித் தரும் போலிச் செயலிகளே இருக்கின்றன. யுபிஐ பரிமாற்றத்துக்குப் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஒன்று உண்டு. போலிகளில் சிலவற்றில் அந்த எண்ணின் இலக்கங்கள் கூடக்குறைய இருக்கும். ஆனால் எண்ணை எண்ணிப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். வாங்குகிறவர் காட்டும் எதுவும் எனக்குச் சான்று அல்ல. என் வங்கிச் செயலியை நானே திறந்து பார்த்து, என் கணக்கில் தொகை ஏறியிருந்தால் மட்டுமே பணம் வந்தது என்று கொள்கிறேன்.

குறுஞ்செய்தியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன அனுப்புநர் பெயரோடு வரும். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. போன பொங்கலுக்கு முன் ஒருவர் 1,200 ரூபாய்க்குக் கருப்பட்டி கேட்டார். சற்று நேரத்தில், 12,000 ரூபாய் வரவு என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து அவரே பதறிக்கொண்டு அழைத்தார். கைதவறி ஒரு சுழியம் கூடிவிட்டது, மனைவி மருத்துவமனையில் இருக்கிறாள், 10,800 ரூபாயை உடனே திருப்பி அனுப்புங்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினார். செய்தி வந்த எண்ணைப் பார்த்தேன், பத்து இலக்கம். கணக்கைத் திறந்தேன்; ஒரு காசும் ஏறவில்லை. வங்கிக்குப் போய் அவர்கள் மூலம் திருப்புகிறேன் என்று சொன்னதும் மனைவியின் உடல்நிலையைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

காசோலையாக இருந்தாலும் இதே கதைதான். வங்கியில் போட்ட அன்றே பணம் வந்துவிட்டதாக எண்ணி மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது தேறி முடியும் வரை அந்தத் தொகை உங்களுடையது அல்ல.

கீழக்கரைக் கடைக்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேலே எல்லாரும் சொன்னது பணம் வராத ஏமாற்று. பணம் உண்மையாகவே வந்து, அதனாலேயே நான் சிக்கிய கதையைச் சொல்கிறேன். ஏனென்றால் இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.

நான் பழைய கைபேசிகளை வாங்கி விற்பவன். ஒரு கைபேசிக்கு 18,000 ரூபாய் விலை போட்டிருந்தேன். கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேசினார். நன்றாகப் பேரம் பேசினார், 17,500-க்கு முடிந்தது. மைத்துனர் கணக்கிலிருந்து பணம் வரும், பையன் ஒருவன் கடைக்கு வந்து வாங்கிக்கொள்வான் என்றார். பணம் வந்தது. வங்கிச் செயலியில் பார்த்தேன், ஏறியிருந்தது. அனுப்பியவரின் பெயர் வேறாக இருந்தாலும், மைத்துனர் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொருட்படுத்தவில்லை. பையன் வந்தான், கைபேசியைக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் என் கணக்கு முடக்கப்பட்டது. நடந்தது என்னவென்றால், அந்த மனிதன் என் கைபேசியின் படங்களை எடுத்து வேறொரு தளத்தில் தன் பொருள்போல விளம்பரம் செய்திருக்கிறான். அதைப் பார்த்த வேறு மாநிலத்துக்காரர் ஒருவரிடம், பணம் அனுப்ப வேண்டிய முகவரியாக என் யுபிஐ முகவரியைக் கொடுத்திருக்கிறான். அவர் எனக்குப் பணம் அனுப்பினார். பொருள் இவன் கைக்குப் போயிற்று. பொருள் வராததால் அவர் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார். காவல்துறையின் பதிவில், ஏமாற்றுப் பணம் வந்து சேர்ந்த கணக்கு என்னுடையது. ஏமாற்றியவனின் பெயரோ கணக்கோ அதில் எங்குமே இல்லை.

வங்கிக் கிளையில் புகாரின் எண்ணையும் அது எந்த ஊர்க் காவல் நிலையம் என்பதையும் கேட்டு வாங்கினேன். உரையாடல் பதிவுகள், நான் அந்தக் கைபேசியை வாங்கியபோது எழுதிய சீட்டு, ஐஎம்இஐ எண் (கைபேசியின் தனி அடையாள எண்), பையன் கடைக்கு வந்த கேமராப் பதிவு எல்லாவற்றையும் அனுப்பினேன். மீதிப் பணத்தை எடுக்க அனுமதி கிடைப்பதற்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த 17,500 ரூபாய் இன்னும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. நோன்பு மாதத்தில் சரக்கு எடுக்கக் கையில் காசில்லாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்பவை இவை. பேசுகிறவரின் பெயரும் பணம் அனுப்புகிறவரின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பொருளைக் கொடுப்பதில்லை. வந்த பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பச் சொன்னாலும் திருப்புவதில்லை, வங்கியிடம் எழுதிக் கொடுத்து வந்த கணக்குக்கே அனுப்பச் சொல்கிறேன். விளம்பரப் படத்தின் மீதே ‘கீழக்கரையில் நேரில் மட்டும்’ என்று எழுதிவிடுகிறேன். அதை வேறொருவன் தன் பொருளாக எளிதில் காட்ட முடியாது. யுபிஐ முகவரியை விளம்பரத்திலோ முதல் உரையாடலிலோ கொடுப்பதில்லை. ஆள் எதிரே நிற்கும்போதுதான் குறியீட்டைக் காட்டுகிறேன்.

சகோதரி, உங்கள் ஃப்ரீசரின் படங்களையும் யாராவது எடுத்து வைத்திருக்கலாம். படத்தின் மேல் ஊர்ப் பெயரை எழுதி மறுபடியும் ஏற்றுங்கள்.

பாம்பன் பையன்

எல்லாம் சரி. ஆனால் இப்படி ஒவ்வொருவரையும் திருடனாகவே பார்த்தால் யார்தான் நம்மிடம் வாங்குவார்? நம் கரையில் வியாபாரம் எப்படி நடக்கிறது? ஏலத்தில் எடுத்த மீனுக்கு வியாபாரி நாளைக்கோ அடுத்த வாரமோ பணம் தருகிறார். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. இணையத்துக்கு வந்ததும் பெயர் பொருந்துகிறதா, மைத்துனர் யார், முகத்தைக் காட்டு என்று கேட்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர், இராமநாதபுரம்

தம்பி, நல்ல கேள்வி. கரையில் வாய்ச்சொல் செல்லுபடியாவது நம்மவர்கள் அனைவரும் நல்லவர்கள் என்பதால் அல்ல. பணம் தராத வியாபாரி நாளை விடியற்காலையில் அதே ஏலத்துக்கு வந்து நின்றாக வேண்டும். அவருடைய வீடு தெரியும், சம்பந்தி வீடும் தெரியும். அந்தக் கட்டுப்பாடுதான் அங்கே சீட்டு. கைபேசியில் பேசும் மனிதனுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே கேட்பதில் அவமதிப்பு இல்லை. வங்கியில் முப்பது ஆண்டுகள் என் சொந்த அண்ணன் கொடுத்த நோட்டையும் நான் எண்ணித்தான் வாங்கினேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சரிபார்க்கும்போது கோபப்படுகிறவரையே நான் கவனிப்பேன். அந்தக் கோபம் நம்மை அவசரப்படுத்துவதற்காக வருவது.

ஏர்வாடிவாசி

நான் தப்பவில்லை. அதனால் எழுதத் தயங்கினேன்.

சென்ற ஆண்டு என் தங்கையின் தையல் இயந்திரத்தை விற்க விளம்பரம் கொடுத்து, இதே குறியீட்டு வழியில் முதலில் 6,500 ரூபாய் இழந்தேன். தவறுதலாகப் போய்விட்டது, இதை ஸ்கேன் செய்தால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும் என்று அவன் சொன்னதை நம்பி, மறுபடியும் 6,500 ரூபாய் அனுப்பினேன். முதல் இழப்பு ஏமாந்ததால். இரண்டாவது, ஏமாந்ததை ஏற்க மனம் வராததால். வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்தான் நான் செய்த பெரிய தவறு.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைத்திருக்க வேண்டும். அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து எடுக்கப்படாமல் மிச்சம் இருக்கும் தொகையைத்தான் நிறுத்திவைக்க முடியும். ஏமாற்றுகிறவர்கள் நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரித்து மாற்றிவிடுகிறார்கள் என்று சைபர் காவல் நிலையத்தில் சொன்னார்கள். அதே புகாரை தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பரிமாற்றக் குறிப்பு எண், நேரம், அவனுடைய கைபேசி எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவை தேவைப்படும். ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், நான் பாதியை அழித்துவிட்டேன்.

வங்கி ஈடு செய்யும் என்று எதிர்பார்த்தேன். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி விளக்கினார்கள்: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே பொறுப்பு, தெரிவித்த பிறகும் போனால்தான் வங்கி பொறுப்பு. பின் எண்ணைப் போட்டது நானே. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை.

தங்கச்சிமடத்துக்காரி

உங்கள் அனுபவத்தை எழுதியதற்கு நன்றி. உங்கள் இடத்தில் நானும் இரண்டாவது முறை ஸ்கேன் செய்திருப்பேன் என்றே தோன்றுகிறது.

ஒரு நடைமுறைச் சந்தேகம். முன்பின் அறியாதவரைப் பொது இடத்தில் சந்தியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஃப்ரீசரைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கா போக முடியும்? வீட்டில் நானும் மாமியாரும் மட்டுமே இருக்கிறோம். கருவாட்டையும் இணையத்தில் விற்கலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அதைத் தொலைவுக்கு அனுப்பும்போது என்ன செய்வது?

ஓலைக்கொட்டான், சாயல்குடி

பெட்டியை வீட்டுக்கு உள்ளே வைத்துக் காட்ட வேண்டாம், அக்கா. முந்தின நாளே வாசல் திண்ணைக்கோ பக்கத்துக் கடையின் முன்புறத்துக்கோ கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்து ஓடவிடுங்கள். ஃப்ரீசர் வாங்குகிறவர் குளிர்கிறதா என்று பார்க்க நேரம் எடுப்பார். அந்த நேரமே ஆளை அறிய உதவும். பகலில் வரச் சொல்லுங்கள். சகோதரரையோ அக்கம்பக்கத்தாரையோ உடன் இருக்கச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு பணம் என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘சர்வர் மெதுவாக இருக்கிறது, பணம் பத்து நிமிடத்தில் வரும்’ என்றால், பெட்டியும் பத்து நிமிடம் கழித்து வண்டியில் ஏறட்டும். வந்தவருக்குத் தேநீர் கொடுங்கள். 500 ரூபாய் நோட்டுகளாகத் தந்தால், பக்கத்துக் கடைக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவாட்டுக்கு வருவோம். பொருள் வந்த பிறகு பணம் என்ற முறையில் முகம் தெரியாதவர்களுக்கு ஆரம்பத்தில் அனுப்பாதீர்கள். அவர் வாங்க மறுத்தால் போக வரச் செலவு உங்கள் தலையில் விழும்; மழைக்காலத்தில் பத்து நாள் சுற்றித் திரும்பிய நெத்திலியை என்ன செய்வீர்கள்? திருப்பி அனுப்பியதில் வேறு பொருள் இருந்த அனுபவமும் எனக்கு உண்டு: நான் அனுப்பியது ஆறு கொட்டான்கள், திரும்பி வந்தது பழைய செய்தித்தாள். அன்று முதல், பொருளை நிறுப்பது, பெட்டியில் அடுக்குவது, ஒட்டுவது, முகவரி எழுதுவது வரை வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்துவிடுகிறேன். அஞ்சலகத்தின் ஸ்பீடு போஸ்ட் ரசீதில் எடை பதிவாகிறது. 900 கிராம் அனுப்பியது 300 கிராமாகத் திரும்பினால் பேசுவதற்கு அந்த ரசீது இருக்கிறது.

கீழக்கரைக் கடைக்காரர்

ஒரு சிறு சேர்க்கை. விற்பனைக்கு மட்டும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேர்ந்ததுபோல் நேர்ந்தாலும், வீட்டுச் செலவுக் கணக்கு முடங்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். கடலுக்குரிய பொருள்களை விற்பதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கடல் அட்டை, பவளப்பாறை, கடல் குதிரை போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அலங்காரத்துக்குப் பவளம் கிடைக்குமா என்று நைச்சியமாகக் கேட்கிறவர்கள் வருவார்கள். ஆம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், நாளை அதே உரையாடலைக் காட்டி அதிகாரி வேடத்தில் பணம் பறிக்க வழியாகிவிடும். பதிலே எழுதாதீர்கள்.

தங்கச்சிமடத்துக்காரி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஃப்ரீசர் விற்றுவிட்டது. தொண்டியிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் தம் மகனோடு சரக்கு வண்டியில் வந்தார். திண்ணையில் வைத்து ஓடவிட்டோம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் என் மாமியாரோடு ஊர்க்கதை பேசினார். தண்ணீரின் ஓரத்தில் உறைவு கண்ட பிறகு, ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி 12,200 ரூபாய்க்கு முடித்தார். மகனுடைய கைபேசியிலிருந்து பணம் வந்தது. பெயர் வேறாக இருந்ததால், கீழக்கரை அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, தயங்கிக்கொண்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை, மகனுடைய ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டச் சொல்லி, நான் நீட்டிய சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். என் வங்கிச் செயலியில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை ஏற்றினார்கள்.

அந்த அதிகாரியின் எண்ணை, சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்காக மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் பதிந்துவிட்டேன். நேற்று வேறு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்த முறை உச்சிப்புளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறாராம், என் ஃப்ரீசர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். குரல் அதேதான். நேரில் வந்து தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.